பாதி வாரம்

போன் வந்தது ஒரு திங்கட்கிழமை. பிரஸ்ஸில் அடுத்த வருடத் தினசரி காலண்டருக்குப் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தஹ்மீனா மேடம் நம்பரா?"

"ஆமா."

"குஞ்சுப் பண்ணையிலருந்து பேசுறோம் சார். நூறு நாட்டுக்குஞ்சு புக் பண்ணியிருந்தாங்க. புதன்கிழமை ராத்திரி பஸ்ல ஏத்திவிடுறோம். வியாழன் காலையில ஆறு மணிக்கு சிவகாசி பஸ் ஸ்டாண்டுல எடுத்துக்கிடணும். மேடம்கிட்ட சொல்லிருங்க."

"சரி" என்றேன்.

என் மனைவி தஹ்மீனா இறந்து ஐம்பத்து மூன்று நாள் ஆகியிருந்தது. மஞ்சள் காமாலை. மதுரையில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்ததும் அவள் அம்மா காரியாபட்டிக்குத் திரும்பிப் போனார். அவள் போனை நான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தினமும் சார்ஜ் போட்டுவந்தேன். காரணம் எதுவும் கிடையாது.

குஞ்சு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள்.

மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்வதாக இருந்தேன். சென்னையில் ஒரு பதிப்பகத்தில் வேலை சொல்லியிருந்தார்கள். எனவே சாயங்காலமே சாத்தூர் ரோட்டில் தீவனக் கடை வைத்திருக்கும் சீனிவாசகத்தைப் போய்ப் பார்த்தேன். குஞ்சுகளை வாங்கிக்கொள்வாரா என்று கேட்டேன்.

"ஒரு நாள் குஞ்ச நான் தொடமாட்டேன் தம்பி. கொண்டுபோய்ச் சேக்குறதுக்குள்ள பாதி போயிரும். ஏழாம் நாள் கண்ணுல சொட்டு மருந்து விட்டுருவாக. அன்னைக்கு எத்தன உசிரோட நிக்குதோ அத்தனையும் எடுத்துக்கிடுதேன்."

ஆக, ஏழு நாள் அவற்றைச் சாகவிடாமல் வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

என்னென்ன வேண்டும் என்று அவள் எழுதி வைத்திருந்தாள். ஃபிரிட்ஜ் மேல், ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம். கால்நடைப் பயிற்சி மையத்தில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்து எழுதியது. மொத்தம் ஒன்பது வரி. உமி இரண்டு மூட்டை. சுற்றிலும் அடைக்க அட்டை, மூலை கூடாது. நூறு வாட்ஸ் பல்பு இரண்டு. உமி மேல் பேப்பர், வழுக்காதது. வெல்லம். மக்காச்சோள ரவை. தண்ணீர் டப்பா நான்கு. கரண்ட் போனால் சட்டி, கரி. கடைசி வரி: மூக்கம்மாக்கா – பாதி வாரம்.

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். பிழை பார்ப்பது என் தொழில். 'அரை வாரம்' என்று இருக்க வேண்டும் என்று தோன்றியது. திருத்தவில்லை. மூக்கம்மாள் மூன்றரை நாள் வந்து உதவி செய்வதாகப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். அந்த வரியைத் தப்பாகப் படித்திருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

மூக்கம்மாள் எதிர் வரிசையில் குடியிருந்தாள். நாற்பது வயது இருக்கும். இருபது வருடமாகப் பட்டாசுக் கம்பெனி வேலை. காலையில் கம்பெனி வேன் வந்து தாயில்பட்டிப் பக்கம் கூட்டிப்போகும். பக்கத்து யூனிட் ஒன்றில் விபத்து நடந்ததில் அவளுடைய கம்பெனியையும் சேர்த்து மூடிவிட்டார்கள். தீபாவளி சீசனில் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தாள். புருஷன் மொக்கைச்சாமி லோடு ஏற்றுகிறவர். லோடு எல்லா நாளும் கிடைப்பதில்லை. இரண்டு பெண்கள் பள்ளிக்கூடம் போகிறார்கள். தஹ்மீனா என்ற பெயர் மூக்கம்மாள் வாயில் நிற்காது. மீனா என்றுதான் கூப்பிடுவாள்.

அவள் வீட்டு வாசலில் நின்று சொன்னேன்.

"வியாழக்கிழமை குஞ்சு வருதுக்கா. தஹ்மீனா உங்க பேரை எழுதி வச்சிருக்கா. பாதி வாரம்னு."

அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"எழுதியே வச்சிருக்காளா?"

"ஆமா."

"நான் வாய்ப்பேச்சுன்னுல்ல நெனச்சேன். இனிமே எங்கன அதெல்லாம்னு விட்டுட்டேன்." முறத்தைக் கீழே வைத்தாள். "நீங்க சம்மதிக்கீகளா தம்பி?"

"எனக்கென்னக்கா. அவ எழுதினதுதானே."

"அப்ப சரி. நாளைக்கே வாரேன்."

மூன்றரை நாள் கூலியில்லாத உதவிக்கு ஏன் சம்மதம் கேட்கிறாள் என்று யோசிக்கவில்லை. அப்போது எதையும் யோசிக்கும் வழக்கம் இல்லை.

வீட்டுக்குப் பின்னால் ஒரு தகர ஷெட் உண்டு. செவ்வாய்க்கிழமை நான் பிரஸ்ஸுக்குப் போய்விட்டு வருவதற்குள் அதைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தாள். புதன்கிழமை லீவு போட்டேன். அரிசி மில்லிலிருந்து உமி வந்தது. கொட்டி நான்கு விரல் உயரத்துக்குப் பரப்பினோம். மேலே விரிக்கப் பிரஸ்ஸில் கழித்துப் போட்ட தாள் கொண்டுவந்திருந்தேன். தினசரி காலண்டர் தாள், சொரசொரப்பான மட்டக் காகிதம். வெட்டாத பெரிய ஷீட். இரண்டாயிரத்து ஒன்பது பிப்ரவரி முழுக்க அதில் இருந்தது. சுற்றி அடைக்க காலண்டர் அட்டைகள். அவற்றையும் கழிவிலிருந்துதான் எடுத்தேன். ஒன்றோடொன்று கம்பி குத்தி வட்டமாக நிறுத்தினேன்.

மூக்கம்மாள் உள்ளே வந்து பார்த்தாள்.

"தம்பி, என்ன வேல பாத்துவச்சிருக்கீக?"

"சுத்தி அடைக்கணும்ல. மூலையில்லாம வட்டமாத்தான் வச்சிருக்கேன்."

"வட்டமெல்லாம் சரிதான். லச்சுமிய உள்ள பாக்க நிறுத்தியிருக்கீகளே. குஞ்சு பூராம் அது மேலதான் பீச்சும்."

"வெளிய திருப்பிடுறேன்."

"திருப்புங்க. நீங்க பாய், உங்கள விட்டுருவாக. என்னையத்தான் கேப்பாக." குனிந்து ஒரு அட்டையை உற்றுப் பார்த்தாள். "முருகனுக்கு ஏன் மூக்கு ரெண்டா இருக்கு?"

"கலர் விலகிடுச்சு. அதான் கழிச்சுட்டாங்க."

"பாவம். இங்கனயாவது ஒரு வேல கெடச்சுச்சு."

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஷெட்டுக்குள் நுழையும்போதெல்லாம் இடது உள்ளங்கையைக் கதவின் இரும்புக் கீல்மேல் ஒரு நொடி வைத்து எடுப்பாள். கேட்டேன். கம்பெனியில் வெடிமருந்து ரூமுக்குப் போகும் முன் வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட வேண்டும் என்றாள். உடம்பில் இருக்கும் கரண்ட் மண்ணுக்கு இறங்கிவிடுமாம். தொடாமல் போனால் பொறி கிளம்பும்.

"இங்க மருந்து இல்லையேக்கா."

"கைக்கு அது தெரியல."

மூங்கில் கூடையைக் கவிழ்த்து, உள்ளே பல்பு இரண்டையும் கட்டி, உமியிலிருந்து ஒரு முழ உயரத்தில் தொங்கவிட்டோம். எரியவிட்டு அடியில் கையை நீட்டிப் பார்த்தாள். அடைக்கோழி வயிற்றுச் சூடு இருக்க வேண்டும் என்றாள். அது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. இன்னும் நாலு விரல் இறக்கச் சொன்னாள்.

வியாழன் காலை பஸ் ஸ்டாண்டில் பெட்டி வந்தது. ஓட்டை போட்ட அட்டைப் பெட்டி. டிக்கெட் எடுத்த ஆட்கள் இறங்கிய பிறகு கண்டக்டர் தூக்கிக் கொடுத்தார். பெட்டிமேல் மார்க்கரில் 'தஹ்மீனா, சிவகாசி' என்று எழுதியிருந்தது. எழுத்துப்பிழை இல்லை.

பண்ணையில் நூற்றுக்கு இரண்டு கூடுதலாகப் போடுவார்கள். வழியில் சாவதற்கு ஈடு. ஒன்று செத்திருந்தது. மீதி நூற்றொன்று. வெல்லம் கரைத்த தண்ணீரில் ஒவ்வொன்றின் அலகையும் முக்கிவிட்டுக் கூடைக்கடியில் விட வேண்டும். மூக்கம்மாள் எடுத்து முக்கினாள். நான் வாங்கி விட்டேன். கையில் பிடித்தால் எடையே இல்லை. காலண்டர் தாள்மேல் நின்றன. கால் வழுக்கவில்லை. ரவையைத் தூவினதும் தேதிகளையும் சேர்த்துக் கொத்தின.

"கம்பெனியில ரூமுக்கு நாலு பேருதான் இருக்கலாம்" என்றாள் மூக்கம்மாள். "இங்க நூத்தியொண்ணு. ஆபீசர் வந்தா லைசென்ஸ் போச்சு."

நான் சிரிக்கவில்லை என்று நினைக்கிறேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு அடுத்த குஞ்சை எடுத்தாள்.

பல்புக்கடியில் நெருக்கியடித்தால் குளிர். அட்டையோரம் ஒதுங்கினால் சூடு. பரவலாகப் படுத்தால் சரியாக இருக்கிறது. தஹ்மீனா தன்னிடம் அப்படிச் சொன்னாள் என்று மூக்கம்மாள் சொன்னாள். என்னிடமும் சொல்லியிருப்பாள். நான் கேட்டிருக்க மாட்டேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து கொஞ்சநேரத்தில் மழை பிடித்தது. நான்கு மணிக்குக் கரண்ட் போயிற்று. அந்த வருடம் தினமும் போகும், ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். அன்றைக்கு எங்கேயோ கம்பி அறுந்துவிட்டது. குஞ்சுகள் அணைந்த பல்புக்குக் கீழே குவிந்தன. ஒன்றன்மேல் ஒன்று ஏறின. அடியில் கிடப்பவை நசுங்கிச் சாகும். நான் கையால் கலைத்துவிட்டேன். கலைத்ததும் மறுபடி குவிந்தன. சத்தம் காதைத் துளைத்தது.

மூக்கம்மாள் மழையில் ஓடிவந்தாள்.

"கரி எங்க தம்பி?"

இஸ்திரிக் கடையில் வாங்கி வைத்திருந்தேன். கரியையும் மண்சட்டியையும் எடுத்துக்கொண்டு போனாள். தன் வீட்டு அடுப்படியில் மூட்டி, கங்கு கனிந்ததும் மேலே சாம்பல் தூவி, சட்டியை இரண்டு சாக்குத் துணியால் பிடித்துக்கொண்டு வந்தாள். மழைக்கு மொக்கைச்சாமி தலைக்குமேல் பிளாஸ்டிக் தாளைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஷெட் வாசலில் நின்றாள். சட்டியைச் சாக்கோடு வலது கையில் தாங்கி, இடது கையைக் கீல்மேல் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

"உள்ள உமி கெடக்கு தம்பி. பேப்பர் கெடக்கு."

"மருந்து இல்லக்கா."

"இல்ல. தெரியும்."

கால் நகரவில்லை. இருபது வருடத்தில் சேலை முந்தியில் ஒரு தீப்பெட்டி முடிந்ததில்லை என்று முன்பு சொல்லியிருந்தாள்.

"ஏம்ளா, குஞ்சு வெறைக்குது, அங்கன நின்னு யோசிக்கியே" என்றார் மொக்கைச்சாமி.

"நீரு வாய மூடும்."

நான் போய்ச் சட்டியை வாங்கினேன். சாக்கையும் தாண்டிச் சுட்டது. நடுவில் தாளையும் உமியையும் ஒதுக்கி, நான்கு செங்கல் வைத்து, அதன்மேல் சட்டியை வைத்து, குஞ்சு விழாமல் கம்பிவலை மூடினேன். அவள் வெளியே மழையில் நின்றே சொல்லிக்கொடுத்தாள்.

"ஒரு பக்கமா குமியுது பாருங்க. கலைச்சு விடுங்க. அந்தா, அந்தக் கருப்பு, அதத் தூக்கி முன்ன விடுங்க. கிட்டப் போகவிடாதீக."

ஆறு மணிவரை அப்படியே நின்றாள். உள்ளே வரவில்லை, வீட்டுக்கும் போகவில்லை. கரண்ட் வந்ததும் சட்டியை நான் வெளியே எடுத்துவந்து தண்ணீர் ஊற்றினேன். கங்கு முழுக்க அணைந்ததா என்று குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் கீலைத் தொட்டு உள்ளே போனாள். மூன்று செத்திருந்தன. மூன்றையும் வரிசையாக உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நாட்டுக்கோழிக் குஞ்சு மூன்றுக்கு இவ்வளவா என்று நினைத்தேன்.

சனிக்கிழமை ஒன்றும் ஆகவில்லை. ஞாயிறு மத்தியானம் அவள் தண்ணீர் டப்பாக்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது நான் அறைக்குள் போய், பிரஸ்ஸில் மாதிரிக்குக் கொடுத்த புதுக் காலண்டர் ஒன்றை எடுத்துவந்தேன். இரண்டாயிரத்து ஒன்பது. எங்கள் ஊரில் நன்றிக்குக் காலண்டர் கொடுப்போம்.

"பாதி வாரம் முடிஞ்சுதுக்கா. ரொம்ப உதவி செஞ்சீங்க. இனி நான் பாத்துக்கிறேன். வியாழக்கிழமை சீனிவாசகம் வண்டி அனுப்புறாரு, எல்லாத்தையும் ஏத்திவிட்டுருவேன்."

காலண்டரை வாங்கவில்லை. ஈரக்கையைச் சேலையில் துடைத்தாள்.

"என்ன முடிஞ்சுது?"

"பாதி வாரம். வியாழன், வெள்ளி, சனி, இன்னிக்கு மத்தியானம் வரைக்கும்."

என் முகத்தைப் பார்த்தாள். கேலி செய்கிறேனா என்று பார்த்திருப்பாள். பிறகு உமி மூட்டைமேல் உட்கார்ந்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நல்ல சிரிப்பாக இல்லை.

"அடப் படிச்ச புள்ள. வாரம்னா கெழமன்னா நெனச்சீக?"

"வேற என்ன?"

"ஆட்ட வாரத்துக்கு விடுறதில்லையா? மாட்ட விடுறதில்லையா? மொதலு ஒருத்தரு, பாடு ஒருத்தரு. வளந்தா ஆளுக்குப் பாதி. மீனா எனக்குப் பாதி வாரம் சொல்லியிருந்தா. குஞ்சு அவளது, பாடு எனது. அஞ்சு மாசம் கழிச்சுப் பிரிச்சுக்கிடணும்னு பேச்சு. எழுதி வச்சிருக்கான்னு வீடு தேடி வந்து சொன்னது நீங்கதான?"

நான்தான்.

மேல்வாரம், குடிவாரம் என்று பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன். விளைச்சலில் உடையவன் பங்கு, உழுதவன் பங்கு. ஆனால் நான் விருதுநகர் டவுனில் கமிஷன் மண்டி வீட்டில் பிறந்தவன். எங்கள் வீட்டுக்கு ஆடு வந்தால் அது பக்ரீத் குர்பானிக்குத்தான் வரும். வளர்ப்புக்கு விட்டதில்லை. வேலைக்கு வந்த பிறகு நாள் முழுக்கப் பஞ்சாங்கம் பார்க்கிறேன். திதி, வாரம், நட்சத்திரம். அதில் வாரம் என்றால் கிழமை. தஹ்மீனா காரியாபட்டிக்காரி. அங்கே அவள் வீட்டில் ஆடு வாரத்துக்கு விடுவார்கள். 'பாதி' என்று அவள் சரியாகத்தான் எழுதியிருந்தாள்.

"சீனிவாசகம்கிட்ட எல்லாத்தையும்னு சொல்லிட்டீகளோ?"

"ஆமா. மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்றேன். சென்னையில வேலை."

"எனக்குச் சொல்லவே இல்லையே."

"யாருக்கும் சொல்லல."

குஞ்சுகள் பரவலாகப் படுத்திருந்தன.

"அப்ப நீங்களே எல்லாத்தையும் எடுத்துக்கோங்கக்கா" என்றேன். "பாதி எதுக்கு? முழுசும்."

அவளுக்குக் கோபம் வந்தது.

"எனக்கு எதுக்கு ஓசி? எங்கன கொண்டுபோய் வைக்க? என் வீட்டுல நாங்க நாலு பேரு படுக்கவே ஒருத்தர் கால ஒருத்தர் மிதிக்கோம். ஷெட்டு இந்த வீட்டோட ஷெட்டு. கரண்டு இந்த வீட்டுக் கரண்டு. வாரம்னா ரெண்டு பேரு வேணும் தம்பி. குடுக்க ஒரு ஆளு, வளக்க ஒரு ஆளு. குடுத்த ஆளு இல்லன்னா அது பிச்ச." எழுந்து சேலையில் ஒட்டிய உமியைத் தட்டினாள். "மீனா எனக்குப் பிச்ச சொல்லல. கம்பெனி எப்பத் தொறக்கும்னு தெரியாம இருக்கேன், ரெண்டு பொட்டப்புள்ளைய வச்சுக்கிட்டு. இத நம்பித்தான் நாலு நாளா இங்கன கெடந்தேன். உங்களுக்கு ஆகாதுன்னா ஆகாதுன்னு சொல்லுங்க. காலண்டரு குடுக்காதீக."

வெளியே போனாள். போகும்போது கீலைத் தொடவில்லை. வெளியே போகும்போது தொட வேண்டியதில்லை போலும்.

சாயங்காலம் தண்ணீர் வைக்க வந்தாள். காலண்டரை ஷெட்டிலேயே விட்டிருந்தேன். அதை நகர்த்திவைத்துவிட்டுத் தண்ணீர் வைத்தாள்.

திங்கட்கிழமை பிரஸ்ஸில் இருந்தேன். வேலை ஓடியது. பிழையைக் கண்டால் ஓரத்தில் குறி போடுவேன், திருத்துவது கம்ப்யூட்டர் பிரிவில். இதைத் திருத்த அப்படி யாரும் இல்லை. சென்னைக்குப் போன் செய்தேன். பொங்கல் முடிந்துதான் வர முடியும் என்றேன். அதுவரை வேலையை வைத்திருக்க முடியாது என்றார்கள். சரி என்றேன். பிறகு வீட்டுக்காரருக்குச் சொன்னேன். பிறகு சீனிவாசகத்துக்கு.

"என்ன தம்பி, செத்துப்போச்சா அம்புட்டும்?"

"இல்ல. தொண்ணூத்தெட்டு இருக்கு. விக்கிறதா இல்ல. குஞ்சுத் தீவனம் ரெண்டு மூட்டை அனுப்புங்க."

"வியாழக்கிழமன்னு சொன்னீகளே. கெழம மாறிப்போச்சோ?"

"வாரத்தைத் தப்பாப் படிச்சுட்டேன்."

"காலண்டர் பிரஸ்ஸுல இருந்துக்கிட்டா?" என்று அவர் சிரித்தார்.

வீட்டுக்கு வந்து மூக்கம்மாளிடம் சொன்னேன். நான் கொடுக்கிற ஆள், நீங்கள் வளர்க்கிற ஆள் என்று சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

"மெட்ராஸ் வேல?"

"இல்ல."

உமி நனைந்திருக்கிறது, அள்ளிக் கொட்டிவிட்டு வேறு போட வேண்டும் என்றாள். இருவரும் அள்ளினோம்.

வியாழன் காலை கால்நடை ஆஸ்பத்திரியிலிருந்து ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் சொட்டு மருந்து வாங்கிவந்தேன். வெள்ளைக் கழிச்சல் வராமலிருக்க. கண்ணுக்கு ஒரு சொட்டு. நான் பிடித்துக்கொடுத்தேன், அவள் விட்டாள். விட்டதை எண்ணிப் பெட்டிக்குள் போட்டாள். காலண்டர் ஷெட் சுவரில் ஆணியில் தொங்கியது. அவள்தான் மாட்டியிருக்க வேண்டும். மேல் தாள் ஜனவரி ஒன்று. அதற்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது.

"பிரிக்கிறதுக்கு ஒரு நாள் பாத்துச் சொல்லுங்க" என்றாள். "பொங்கல் கழிச்சு. செவ்வா வேணாம்."

"தை ஒண்ணு, ரெண்டு, மூணு கரிநாள். ஒம்பது வச்சுக்கலாம். வியாழக்கிழமை."

"பாக்காமயே சொல்லுதீக?"

"போன வாரம்தான் புரூஃப் பாத்தேன்."

"எந்த வாரம்? ஏழு நாளா, பாதியா?"

நான் அடுத்த குஞ்சைப் பிடித்தேன். அதன் இமையை விரலால் விலக்கினேன். அவள் சொட்டு விட்டாள். முப்பத்து நான்கு என்றாள்.